பதினொன்றாம் வகுப்பில் ஒரு வருடம் ஜெர்மனி: மகளை அனுப்பலாமா?

நியூ ஜெர்சியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஜெர்மனியில் ஒரு வருடம் படிக்க உதவித்தொகை கிடைத்திருக்கிறது; பதினொன்றாம் வகுப்பை அங்கே கழித்துவிட்டு வந்தால் அவளுடைய காலேஜ் அட்மிஷன் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். ஆனால் அவள் விமானம் ஏறுவதற்கு முன் நீங்கள் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவற்றைச் சரிசெய்வது கஷ்டம்.

முதலில் திட்டத்தைப் பற்றி. அமெரிக்கக் காங்கிரசும் ஜெர்மன் நாடாளுமன்றமும் சேர்ந்து 1983-இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டம் இது (Congress-Bundestag Youth Exchange, சுருக்கமாக CBYX). விமானச் செலவு, தங்கும் குடும்பம், பள்ளி எல்லாம் இதில் அடங்கும். கைச்செலவுக்குத்தான் நீங்கள் கொடுக்க வேண்டும். ஜெர்மன் தெரியாதவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே பணத்தையும் மொழியையும் நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் யோசிக்க வேண்டியது அவளுடைய தினசரிப் பள்ளி வாழ்க்கையைப் பற்றி.

ஜெர்மனியின் மேல்நிலைப் பள்ளியான கிம்னாசியம், காலை எட்டு மணிக்கோ அதற்குச் சற்று முன்னரோ தொடங்கிவிடும். பல நாட்களில் மதியம் ஒரு மணியளவில் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கால அட்டவணை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒரே வருடத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் வீதம் படிப்பார்கள். கணக்கில் அமெரிக்காவில் போல அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்று வருடத்துக்கு ஒரு பிரிவு கிடையாது. எல்லாம் கலந்தே வரும். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வகுப்பு ரத்தாவதும் உண்டு. மேல்வகுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பேக்கரிக்குப் போய்வருவார்கள். அமெரிக்கப் பள்ளியில் பாத்ரூம் போகக்கூடப் பாஸ் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் முதலில் திகைப்பாக இருக்கும். பேருந்தும் ரயிலும் பிடித்துத் தானே போய்வரும் பழக்கத்தை இப்போதே கொடுங்கள்.

மதிப்பெண் முறைதான் உங்களைப் பயமுறுத்தும். அங்கே 1 முதல் 6 வரை. 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சி. எழுத்துத் தேர்வுகள் குறைவு, அதுவும் பக்கம் பக்கமாக எழுதுகிற தேர்வுகள். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை அரிது. வகுப்பில் கையைத் தூக்கிப் பேசுவதற்கு மதிப்பெண்ணில் பெரிய பங்கு உண்டு, பல பாடங்களில் பாதியளவுக்குக்கூட. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். அடக்கமாக உட்கார்ந்து, தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள். அங்கே அமைதியாக இருந்தால், பாடத்தில் கலந்துகொள்ளவில்லை என்றே ஆசிரியர் எழுதுவார். மொழி தெரியாத முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு முறை, தப்போ சரியோ, ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட வேண்டும் என்று அவளே ஒரு இலக்கு வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு பழக்கம் கைவந்தாலே போதும், இந்த வருடம் அவளுக்குப் பயன்பட்டுவிடும். பிறகு கல்லூரி செமினாரிலும் வேலைக்கான நேர்காணலிலும் அதுதான் கைகொடுக்கும்.

அங்கே அவளைப் பத்தாம் வகுப்பில் போட்டால் 'ஒரு வகுப்பு கீழே தள்ளிவிட்டார்கள்' என்று வருத்தப்படாதீர்கள். பத்தாம் வகுப்பு வரை ஒரே மாணவர் கூட்டம் பெரும்பாலும் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கும். ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். அதற்கு மேலே பாடத்துக்குப் பாடம் ஆட்கள் பிரிந்துபோவார்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பது பத்தாம் வகுப்பில்தான் சுலபம். வகுப்புச் சுற்றுலா இருந்தால் கட்டாயம் போகச் சொல்லுங்கள்.

மதியத்துக்குப் பிறகு பல பள்ளிகள் காலியாகிவிடும். அமெரிக்காவில் போலப் பள்ளி அணிகளையும் ஹோம்கமிங் விழாவையும் சுற்றி நடக்கும் பள்ளி வாழ்க்கை அங்கே கிடையாது. விளையாட்டும் இசையும் பெரும்பாலும் ஊர்ச் சங்கங்களில்தான் நடக்கும்: கைப்பந்து, நீச்சல், சேர்ந்திசை, சிறுவர்களுக்கான தீயணைப்புப் படை வரை. முதல் மாதமே ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். சேராத பிள்ளைகள் அறையில் உட்கார்ந்து அமெரிக்க நண்பர்களோடு சாட் செய்தே வருடத்தைக் கழிப்பார்கள்.

வீட்டில் இரவு உணவு பெரும்பாலும் ரொட்டி, சீஸ், தக்காளி, வெள்ளரி, எல்லாம் ஆறியதாக இருக்கும். சைவம் அங்கே புதிதல்ல, கவலை வேண்டாம். முட்டை சாப்பிடுவாளா, மாட்டாளா என்பதை மட்டும் அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே தெளிவாக எழுதிவிடுங்கள். இன்னொன்று: ஜெர்மனியில் பதினாறு வயதுக்கு மேல் பீரும் ஒயினும் வாங்கலாம். வகுப்புத் தோழர்கள் குடிப்பார்கள். இதைப் பேசாமல் அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். திட்டத்தின் விதிகளையும் அவளோடு சேர்ந்து படியுங்கள்.

இப்போது அட்மிஷன் விஷயம். அவள் இங்கே படிக்கும் பள்ளியின் கவுன்சிலரை (மாணவர் ஆலோசகரை) பார்த்து, ஜெர்மனியில் படிக்கும் எந்தப் பாடத்துக்கு இங்கே எந்த கிரெடிட் (பாடத்தை முடித்ததாகக் கணக்கில் சேர்ப்பது) என்று எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது, அடுத்த வருடம் அந்தக் கவுன்சிலரே மாறியிருக்கலாம். அமெரிக்க வரலாறு போன்ற கட்டாயப் பாடத்தைக் கோடையிலோ ஆன்லைனிலோ முடிக்க முடியுமா என்றும் கேளுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்குச் சில ஜெர்மன் பள்ளிகள் வருகைச் சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பிவிடும். மதிப்பெண் பட்டியல் வேண்டும் என்று அவள் போன முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்லூரிகள் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களின் கடிதத்தை விரும்பும். அவளுக்கு அப்படி யாரும் இங்கே இருக்க மாட்டார்கள். அதனால் அவளை நன்றாக அறிந்த பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இருவரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். கல்லூரி அட்மிஷனுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு ஜெர்மனியிலும் மையங்கள் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், அந்த வருடத்தில் அதைத் திணிக்க வேண்டாம். போவதற்கு முன்போ, திரும்பி வந்த ஆகஸ்டிலோ எழுதட்டும். அக்டோபரில் வரும் பி.எஸ்.ஏ.டி. தேர்வு தவறினால், அதன் மதிப்பெண்ணை வைத்துத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு மாற்று வழி இருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் பள்ளி கிரெடிட் தர மறுத்தால், பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்கு முன் போகும் வழியைப் பாருங்கள். வயது வரம்புக்குள் இருந்தால் அப்போதும் விண்ணப்பிக்கலாம். இந்த உதவித்தொகை அப்போதும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. தினமும் வீடியோ கால் வேண்டாம், வாரத்துக்கு ஒரு முறை போதும். நவம்பரில் இருட்டு சீக்கிரம் கவிந்து, மொழியும் பாதி மட்டுமே புரிகிற சமயத்தில், 'வந்துடறேன்மா' என்று ஒரு நாள் அழுவாள். அன்றைக்கே டிக்கெட் பார்க்காதீர்கள். திட்டத்தில் அவளுக்கென்று உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் பேசச் சொல்லுங்கள். குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு வீடு பார்த்துத் தருவதும் அவர்களின் வேலைதான்.