ஆயர் ஈத்தாம் ஆற்று நிலையம்: சிக்னல் இருக்கிறது, தரவு வரவில்லை

ஆற்று நீர்மட்ட நிலையத்தின் மோடத்துக்குள் கோலாலம்பூரிலிருந்து இணைய முயலாதீர்கள். அளவுகளைப் பதியும் லாகர் கருவியே தரவை அனுப்பும்படி மாற்றுங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் நிலையத்தின் ஐபிக்கு (இணைய முகவரிக்கு) வெளியிலிருந்து இணைப்பு போகவில்லை என்கிறீர்கள். சாதாரண சிம்முக்குப் பெரும்பாலும் தனியாகப் பொது ஐபி கிடைக்காது, பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை.

மோடத்தின் நிலைப் பக்கத்தில் ஐபியைப் பாருங்கள். "10." என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை இருந்தாலோ காரணம் இதுதான்.

அப்படியானால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எஃப்டிபி (கோப்பாக அனுப்பும் முறை) அல்லது எம்கியூடிடி (சிறு செய்திகளாக அனுப்பும் முறை) வழியாக அனுப்பச் செய்யுங்கள். இணைப்பு இல்லாதபோது சேமித்து வைத்து, வந்ததும் விடுபட்டதையும் அனுப்பும் வசதியைக் கட்டாயம் போடுங்கள். அடைமழையில் இணைப்பு அறுந்து கிடக்கும் அந்த ஒரு மணி நேர நீர்மட்டம்தான் நமக்கு மிகவும் வேண்டியது. அதை இழந்துவிடாதீர்கள்.

நிலையான பொது ஐபி வாங்கினாலும் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து நுழையும் வாசலை, திறந்து வைக்க வேண்டாம். இணையத்தைத் துழாவும் நிரல்கள் தட்டித் தட்டியே உங்கள் டேட்டாவைத் தின்றுவிடும். விபிஎன் எனும் பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் நுழையுங்கள்.

அப்புறம், பழைய 3ஜி மோடம் என்றால் 4ஜிக்கு மாறுங்கள். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. உங்களுடையது 2ஜியில் தவழ்ந்துகொண்டிருக்கலாம்.