நாய்க்குச் செயற்கைக் கண் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் காக்கர் ஸ்பானியல் மணிக்கு 7 வயது. கண் அழுத்த நோயால் இடது கண் பார்வை போய், வீங்கி நிற்கிறது. எடுத்துவிடச் சொல்கிறார் டாக்டர். செயற்கைக் கண் வைக்கும் வீடியோ பார்த்தோம். வைத்தால் பார்வை வருமா? அதுவரை அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதியை விடலாமா? கண் இல்லாத முகத்தை நினைத்தாலே அழுகை வருகிறது.

பதில்: பார்வை வராது. அந்தச் சொட்டு மருந்தை இன்றே குப்பையில் போடுங்கள். பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். அழுத்தத்தை ஏற்றும், கருவிழியில் புண் இருந்தால் துளையே விழலாம். மனிதருக்கு எழுதிய மருந்தை நாய்க்கு விடாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

செயற்கைக் கண் என்பது, கண்ணின் வெளிச்சுவரையும் கருவிழியையும் விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்து, சிலிக்கோன் உருண்டை ஒன்றை வைத்துத் தைப்பது. கண் அசையும், இமை மூடித் திறக்கும். ஆனால் நாளாக ஆக விழி சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறும். புண் வரலாம், உலரலாம், ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். உள்ளே புற்றுக்கட்டியோ சீழோ இருந்தால் வைக்கவே கூடாது. முழுதாக எடுத்து இமையைத் தைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 10-14 நாளில் தையல் பிரிக்கலாம், முடி வளர்ந்து தழும்பை மறைத்துவிடும். உங்கள் டாக்டர் சொல்வதையே நானும் சொல்வேன். எடுத்த கண்ணைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முகத்தைப் பற்றி மணிக்குக் கவலை இல்லை, அவனுக்கு இருப்பது வலி. நாய் அதைக் கத்திக் காட்டாது; தூங்கிக்கொண்டே இருக்கும், தலையைத் தொடவிடாது. வலிக்கிற கண் போனதும் பழையபடி விளையாட ஓடிவரும் நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பயப்பட வேண்டியது, கடிதத்தில் ஒரு வரிகூட எழுதாத வலது கண்ணுக்குத்தான். இந்த இனத்தில் இது பெரும்பாலும் பரம்பரை நோய், இரண்டு கண்ணுக்கும் வரும். ஓர் ஆய்வில், அடுத்த கண்ணுக்குத் தடுப்பு மருந்து விடாத நாய்களில் பாதிக்கு 8 மாதத்துக்குள் அடுத்த கண்ணிலும் வந்தது. மருந்தை முன்கூட்டியே தொடங்கியவற்றில் அது இரண்டரை ஆண்டு வரை தள்ளிப்போனது. வெண்விழியில் தடித்த சிவப்பு ரத்தக்குழாய், கருவிழியில் நீலப் புகை, டார்ச் அடித்தாலும் சுருங்காத கண் பாப்பா (நடுவிலுள்ள கறுப்புத் துளை), கண்ணை இடுக்கிக்கொள்வது, இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே, இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓரிரு நாள் பொறுத்தால் பார்வை போய்விடும்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும்போதே வலது கண்ணின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நாய்க்கு 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை இருக்கலாம். அளவு சரியாக இருந்தாலும் தடுப்புச் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்.