தூண் மேல் அதிவேக ரயில் போனால் அடியில் இருக்கும் வயல் என்ன ஆகும்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு நஞ்சை நிலம் இருக்கிறது. சீனாவில் அதிவேக ரயிலுக்காக வயல்வெளி மேலேயே 164 கி.மீ. நீளத்துக்குப் பாலம் கட்டியிருப்பதாகப் படித்தேன். நம் டெல்டாவில் அப்படி ஒரு பாதை வந்தால் மண் கரை போடுவார்களா, தூண் நிறுத்துவார்களா? தூண் என்றால் அடியில் நடவு செய்யலாமா?

பதில்: நீங்கள் படித்தது பெய்ஜிங்–ஷாங்காய் பாதையில் உள்ள டான்யாங்–குன்ஷான் பாலம். 2011-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அதுவும் யாங்சி ஆற்று டெல்டாதான். நெல் வயல், வாய்க்கால், ஏரி என்று நம் ஊர் மாதிரியே இருக்கும். தூண் நிறுத்தினால் நிலம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் பொறியாளர் முதலில் பார்ப்பது மண்ணை. வண்டலும் களியுமான நிலத்தில் உயரமாகக் கரை போட்டால், அந்தக் கனத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் மெல்ல வெளியேறி, வருடக்கணக்கில் கரை அமுங்கிக்கொண்டே போகும். சாதாரணப் பாதையில் ஜல்லி போட்டு மட்டத்தைத் தூக்கிவிடலாம். 300 கி.மீ. வேகத்துக்கான கான்கிரீட் தளத்தில் அது நடக்காது. அதனால்தான் தூணைத் தாங்க ஆழமாகப் பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் கம்பம்) இறக்குகிறார்கள். நம் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியிலும் தூண்தான் சரி என்பது என் கருத்து.

விவசாயிக்கும் அதுதான் நல்லது. டெல்டாவில் நிலத்தின் சரிவு மிகக் குறைவு. அடைமழையில் வடிகிற தண்ணீருக்குக் குறுக்கே கரை நின்றால் மேல்பக்கத்துச் சம்பா அழுகிவிடும்.

சரி, அடியில் நடவு? மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் திட்டத்தில் இரட்டைப் பாதைக்கு 17.5 மீட்டர் அகலத்தில் நிலம் எடுக்கிறார்கள். எடுத்த நிலம் உங்களுடையது அல்ல. அனுமதி இல்லாமல் அதில் இறங்க முடியாது. அடுத்த வயலுக்கு வருவது நிழல். பாதை கிழக்கு மேற்காகப் போனால், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், 12 மீட்டர் உயரத் தளத்தின் நிழல் உச்சி வேளையிலேயே வடக்கே சுமார் 8 மீட்டர் விழும். பூக்கும் பருவத்தில் வெயில் குறைந்தால் பதர் கூடும். தெற்கு வடக்காகப் போகும் பாதையில் நிழல் நகர்ந்துகொண்டே இருப்பதால் பாதிப்பு குறைவு.

உண்மையில் பயப்பட வேண்டியது கட்டுகிற காலத்துக்குத்தான். மும்பை–அகமதாபாத்தில் 40 மீட்டர் நீளம், 970 டன் எடையுள்ள உத்திரங்களை யார்டில் வார்த்து, ஏற்கெனவே போட்ட தளத்தின் மேலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதனால் மேல் வேலை வயலை அதிகம் தொடாது. பைல் போடும் இயந்திரம் அப்படியல்ல, வயலுக்குள் இறங்கியாக வேண்டும். அதற்குக் கிராவல் கொட்டிப் பாதை போடுவார்கள். குறுக்கே வரும் வாய்க்காலில் ஒரு குழாயைப் புதைத்து மூடுவார்கள். துளையிடும்போது வரும் பென்டோனைட் சேறு (துளை இடிந்து விழாமல் இருக்க ஊற்றும் களிக் குழம்பு) வாய்க்காலில் இறங்கும். டிப்பர் ஓடி இறுகிய மண்ணில் வேர் இறங்காது. வேலை முடிந்தபின் அந்தக் குழாய் அங்கேயே கிடந்தால், பாலம் எவ்வளவு உயரத்தில் இருந்தும் பயனில்லை.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்க வேண்டும் என்று 2013 நில எடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ரயில், நெடுஞ்சாலை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. எனவே நிலத்தை எடுக்கவே கூடாது என்று அதை மட்டும் நம்பி வாதாடாதீர்கள். புல வரைபடத்தில் கன்னி வாய்க்கால் உட்பட ஒவ்வொரு பாசன, வடிகால் வாய்க்காலையும் குறித்து, தூண் எதிலும் விழக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்துத் திரும்பப் பரப்புவது, இறுகிய மண்ணை ஆழமாக உழுது தருவது, தளத்து மழைநீரை வயலில் விடாமல் வடிகாலில் சேர்ப்பது எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்க்காலைத் தொடும் வேலை, தாளடி (குறுவைக்கு அடுத்த இரண்டாம் போகம்) அறுவடைக்குப் பிறகு தொடங்கி ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குள் முடிய வேண்டும். அப்புறம், குழாய் புதைக்கும் முன் அந்த இடத்தைப் படம் எடுத்து, வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து வையுங்கள். பழையபடி வெட்டித் தரச் சொல்லும்போது அந்த அளவுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.