கேள்வி – பதில்: கணிதம் முடித்தவர் புள்ளியியலில் முதுநிலை படிக்கலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. இந்த ஆண்டு பி.எஸ்சி. கணிதம் முடிக்கிறேன். சம்பா அறுவடையின்போது பயிர்க் காப்பீட்டுக்காக எங்கள் ஊரில் நான்கு வயல்களில் மட்டும் அறுத்து எடை போட்டார்கள். "நாலு வயலை வைத்து ஊர் விளைச்சலை எப்படியம்மா சொல்ல முடியும்?" என்று அப்பா கேட்டார். கணிதம் படித்திருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதிலிருந்து எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அப்பா பி.எட். போதும் என்கிறார், அண்ணன் டேட்டா சயின்ஸ் படிக்கச் சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: புள்ளியியலின் மூலக் கேள்வியைத்தான் உங்கள் அப்பா வயல் வரப்பில் நின்று கேட்டிருக்கிறார். அதற்கு விடை தேட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே இந்தப் படிப்புக்குப் போதுமான தகுதி என்பது என் கருத்து.

பயிர் அறுவடைப் பரிசோதனையில் எந்த வயல், அந்த வயலில் எந்த இடம் என்பதையெல்லாம் அலுவலரோ விவசாயியோ தம் விருப்பப்படி முடிவு செய்யக்கூடாது. குலுக்கல் போல யாருடைய விருப்பமும் கலக்காமல் வரும் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்ய வேண்டும். அப்படிக் கிடைத்த இடத்தில், நெல்லுக்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் அளந்து, முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து எடை போடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, நான்கு எடைகள் 12, 14, 9, 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 12 கிலோ; ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,940 கிலோ. ஆனால் நான்கே எடைகளிலிருந்து வந்த இந்தச் சராசரியின் திட்டப்பிழை (சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதன் அளவு) 1.08 கிலோ. 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்வதானால், ஊரின் உண்மையான சராசரி 8.5 கிலோவிலிருந்து 15.5 கிலோவுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே அப்பாவிடம், "சொல்ல முடியும், ஆனால் இவ்வளவு தடுமாற்றத்தோடுதான் சொல்ல முடியும்" என்று பதில் கூறலாம். அந்தத் திட்டப்பிழையைப் பாதியாகக் குறைக்க எட்டு வயல்கள் போதாது, பதினாறு வேண்டும்; வயல்கள் நான்கு மடங்கானால்தான் பிழை பாதியாகும். தலைமடையில் ஒரு விளைச்சலும் கடைமடையில் வேறொரு விளைச்சலும் காணும் டெல்டா ஊர்களில், வயல்களை அவ்வாறு பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கூறெடுத்தால் (அதாவது, சில மாதிரி வயல்களைத் தேர்ந்தெடுத்தால்) இன்னும் நல்ல மதிப்பீடு கிடைக்கும் என்பதையும் கூறெடுப்புக் கோட்பாடு காட்டும்.

கயிறு கட்டும் இந்தச் சதுரக் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கே இந்தியப் புள்ளியியலாளர்களான மகலனோபிஸும் சுகாத்மேயும் 1940களில் கருத்து மாறுபட்டார்கள். கயிற்றின் மேலேயே நிற்கும் நெற்குத்தை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் வரும்போது கை பெரும்பாலும் உள்ளே சேர்த்துவிடுகிறது. 1 மீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 4 மீட்டர் எல்லை உண்டு. 5 மீட்டர் சதுரத்திலோ 0.8 மீட்டர்தான். சிறிய கட்டங்கள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டியதற்கு இது முக்கியக் காரணம்.

கணிதத்திலிருந்து புள்ளியியலுக்கு மாறத் தயங்க வேண்டாம். புகழ்பெற்ற புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்த பிறகுதான் கல்கத்தாவில் புள்ளியியல் முதுநிலை படித்து 1943இல் தேறினார். நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் தெளிவாக இருந்தால் முதல் பருவத்தைத் தாண்டிவிடலாம். ஓர் ஊகத்தைத் தரவுகள் ஏற்கின்றனவா என்று பார்க்கும் கருதுகோள் சோதனைதான் கணித மாணவர்களுக்குப் பழகச் சற்று நாளாகும், ஏனெனில் அங்கே விடையைவிட விடையின் மீதான நம்பிக்கையே பாடம்.

அண்ணன் சொல்வதையும் ஒதுக்கிவிட வேண்டாம். படிப்பின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவு, மதிப்பீடு, கூறெடுப்பு, பரிசோதனை வடிவமைப்பு ஆகியவை தனித்தனித் தாள்களாக இருந்தால் சேரலாம். மென்பொருள்களின் பெயர்கள் மட்டுமே நிறைந்திருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர், பைத்தான் போன்ற கணினி மொழிகளைப் பிறகும் கற்றுக்கொள்ள முடியும்.

வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகமும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்களில் சேர 'ஜாம்' (JAM) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வின் கணிதப் புள்ளியியல் தாளை எழுத வேண்டும். 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அப்பாவின் கவலை வேலையைப் பற்றியதாக இருக்கும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. வழியாகப் புள்ளியியல் சார்நிலைப் பணிகள், மருந்து ஆய்வு நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் என வழிகள் உண்டு. கற்பித்தலில் மனம் இருந்தால் பி.எட். பட்டத்தை இதற்குப் பிறகும் பெறலாம்.

அடுத்த சம்பா அறுவடையில் உங்கள் ஊரில் கயிறு கட்டும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் நில்லுங்கள். நான்கு எடைகளையும் குறித்துக்கொண்டு, மேலே நான் போட்ட கணக்கை அந்த எண்களுக்கு நீங்களே போட்டு, அப்பாவிடம் காட்டுங்கள்.