பி.காம். படிக்கும் பெண் பிசினஸ் அனலிஸ்ட் ஆகலாமா?

தாராளமாக ஆகலாம் சார். கடலூரில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிற உங்கள் பெண் இதற்காக இன்ஜினியரிங் முடித்திருக்க வேண்டியதில்லை. இதற்காக நகையை அடகு வைத்து லட்ச ரூபாய் கோர்ஸில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஒரு கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லாமல் விட்டதையும் தோண்டியெடுத்து, சாஃப்ட்வேர் செய்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்து, கடைசியில் கேட்டதுதான் வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் பிசினஸ் அனலிஸ்ட் வேலை. பெரும்பாலும் புரோகிராம் எழுத வேண்டியிருக்காது. எக்செல் நன்றாகவும் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல் (SQL) ஓரளவும் தெரிய வேண்டும். டெபிட், கிரெடிட், ஜிஎஸ்டி புரிந்த பெண்ணுக்கு வங்கி, இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்களில் அதுவே பெரிய பலம்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்கிறவர் யாராவது தெரிந்தால் அவர் கடையில் ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்ததிலிருந்து எடை போட்டு, பில் அடித்து, லாரியில் ஏற்றி, கடன் பாக்கி வசூலாகிற வரை ஒவ்வொரு படியையும் அவள் படமாக வரையட்டும். எங்கே தாமதம், எதை இரண்டு தடவை எழுதுகிறார்கள், பாதி சரக்கு திரும்பி வந்தால் கணக்கு என்ன ஆகும் என்று கேட்கட்டும். அப்புறம், இந்தக் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்தால் அது என்னென்ன செய்ய வேண்டும், சரியாகச் செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்று நாலு பக்கம் எழுதட்டும். இன்டர்வியூவில் காட்ட இதைவிட நல்ல சான்று ஃப்ரெஷருக்குக் கிடைக்காது.

சர்டிஃபிகேட் என்றால், பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஐபிஏ (IIBA) நடத்தும் தொடக்க நிலைத் தேர்வான இசிபிஏ-வுக்கு (ECBA) முன் அனுபவம் கேட்பதில்லை, விருப்பமிருந்தால் எழுதலாம். அதே அமைப்பின் அனுபவசாலிகளுக்கான சிபிஏபி (CBAP) தேர்வு இப்போது வேண்டாம், அதற்கு 7,500 மணி நேர வேலை அனுபவம் வேண்டும்.

முதல் வேலையே இந்தப் பெயரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டெஸ்டிங், சப்போர்ட், எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை) என்று எதில் நுழைந்தாலும் அங்கிருந்து மாறுகிறவர்கள் நிறைய. எம்பிஏ பிறகு பார்க்கலாம், காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கடலூர், புதுச்சேரிக்குள் மட்டும் தேடினால் வாய்ப்பு குறைவு சார், சென்னைக்கு அனுப்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பயம் புரிகிறது. நல்ல ஹாஸ்டலை நீங்களே நேரில் போய்ப் பார்த்து வையுங்கள்.