பழைய தொலைபேசிக் கம்பியில் இணையமும் தொலைக்காட்சியும்: கேள்விகளும் பதில்களும்

செம்புக் கம்பி வழியே இணையமும் தொலைக்காட்சியும் பெறுகிறவர்களின் கேள்விகள் இவை. பாதிப் பேர் "ரௌட்டரை மாற்றிவிடலாமா?" என்றுதான் தொடங்கியிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்க்க முடிகிற பொருள் மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் பழுது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: தொலைக்காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதே நேரத்தில் கணினியில் இணையம் ஒழுங்காக ஓடுகிறது. செட்டாப் பாக்ஸ் கெட்டுவிட்டதா?

பாக்ஸைக் கடைசியில் சந்தேகியுங்கள். இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது வழியில் ஒரு துண்டு தொலைந்தால், கணினி அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. நேரடி ஒளிபரப்பில் அப்படித் திருப்பிக் கேட்க நேரமில்லை. தொலைந்தது தொலைந்ததுதான்; அந்த இடத்தில் கட்டம் விழுகிறது. ஆகவே கம்பியில் ஏற்படும் சின்னக் கோளாறும் முதலில் தொலைக்காட்சியில்தான் தெரியும்.

மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த தகவல் துண்டுகள்) என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். படம் உடையும் நேரத்தில் அது ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பழுது கம்பியில். அசையாமல் நின்றால் ரௌட்டருக்கும் பாக்ஸுக்கும் இடையே, அதாவது உங்கள் வீட்டுக்குள். வைஃபை வழியே பாக்ஸை இணைத்திருந்தால் ஒரு மாலை மட்டும் ஈதர்நெட் கேபிளில் இணைத்துப் பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: மோடத்தில் அட்டெனுவேஷன் 41, எஸ்என்ஆர் மார்ஜின் 4.5, வேகம் 8 மெகாபிட் என்று காட்டுகிறது. ஏடிஎஸ்எல்2+ இணைப்பு. இது நல்லதா, கெட்டதா?

ஏடிஎஸ்எல்2+ என்பது தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் அனுப்பும் ஒரு முறை. அட்டெனுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்து வருகிறது என்ற கணக்கு. ஏடிஎஸ்எல்2+ கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும். 41 என்றால் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு 8 மெகாபிட் குறை சொல்லக்கூடிய வேகமில்லை. விளம்பரத்தில் வரும் 24 மெகாபிட், எக்ஸ்சேஞ்சுக்கு அருகிலேயே குடியிருப்பவர்களுக்கு.

எனக்கு உறுத்துவது அந்த 4.5. மார்ஜின் என்பது கம்பியில் நுழையும் மின் இரைச்சல் கூடினாலும் தாங்குவதற்கு விட்டுவைத்த இடைவெளி. பெரும்பாலான இணைப்புகள் 6 டெசிபலை இலக்காக வைத்துத்தான் தொடங்கும். தொடங்கிய பிறகு 4.5க்கு இறங்கியிருக்கிறது என்றால் இரைச்சல் ஏறியிருக்கிறது. 3 டெசிபல் கூடினாலே இரைச்சலின் ஆற்றல் இரு மடங்காகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். காலையிலும் இரவிலும் இந்த எண்களைக் குறித்து வையுங்கள். மார்ஜின் இறங்கி ஏறினால் அது இரைச்சல். அட்டெனுவேஷனே ஒரு நாள் 41லிருந்து 50க்குத் தாவினால், கம்பி நீளவில்லை. எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது.

கேள்வி: மழை பெய்தால் இணையம் போய்விடுகிறது, தொலைபேசியிலும் கரகரப்பு. வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. ஊழியர் வரும்போது வெயில்தான் அடிக்கிறது. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று போய்விடுகிறார்.

இது அந்தக் காலத்துக் கேபிள்களின் நிரந்தர வியாதி. உறையில் விரிசல், அதன் வழியே ஈரம், ஈரம் சேருமிடம் பெரும்பாலும் கம்பியோடு கம்பி சேரும் இணைப்பு. அப்படி ஓர் இணைப்பைப் பிரித்தால், முறுக்கிய இரண்டு செம்புக் கம்பிகள் மீதும் வெளிர்பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். லேசாக இழுத்தால் ஒன்று கையோடு வந்துவிடும். பேச்சுக்காக 48 வோல்ட் எப்போதும் கம்பியில் நிற்கிறது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பை அரிப்பதற்கு வேறெதுவும் தேவையில்லை.

புகார் எழுதும்போது இணையத்தைப் பற்றி முதலில் எழுதாதீர்கள். தொலைபேசியில் கரகரப்பு என்றே எழுதுங்கள். வேகம் குறைவு என்றால் வாதிக்கலாம். காதில் விழும் கரகரப்பை யாராலும் மறுக்க முடியாது. சோதிக்க எளிய வழி: கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். பிறகு காதில் அமைதி மட்டுமே இருக்க வேண்டும். பொரிவது போல ஏதாவது கேட்டால் அதுதான் உங்கள் சாட்சி. கம்பியில்லாத தொலைபேசியில் இதைச் செய்து பயனில்லை, அதற்கென்று சொந்த இரைச்சல் உண்டு. மழை பெய்த தேதிகளையும் இணைப்பு அறுந்த நேரங்களையும் மோடத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கூடவே கொடுங்கள்.

கேள்வி: தொலைபேசி மணி அடித்தால் இணையம் அறுந்துவிடுகிறது.

மணி அடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் மாறுமின்னழுத்தம் 75 வோல்ட்டுக்கு மேல். பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டியான ஃபில்டர் இல்லாமலோ, அது பழுதாகியோ ஒரு தொலைபேசி எங்காவது இணைந்திருந்தால் இப்படி ஆகும். மாடியில் மறந்துபோன பழைய கருவி, தொலைநகல் இயந்திரம், திருட்டு எச்சரிக்கைப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

சிலருக்கு நேரெதிராக நடக்கும்: செத்துக் கிடந்த இணையம் அழைப்பு வந்ததும் உயிர் பெறும். அப்படியானால் களிம்பேறிய இணைப்பு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மின்னோட்டம் பாயும்போது அது தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: தினமும் இரவு ஏழு மணிக்கு இணைப்பு அறுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால்தானே?

நெரிசலால் வேகம் குறையும். மோடத்தில் கம்பி இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு அணையாது. விளக்கு அணைந்து மீண்டும் சிமிட்டினால் அது இரைச்சல். மாலையில் எரியத் தொடங்கும் ஏதோ ஒன்று: மலிவான எல்இடி விளக்கு, மின்தேக்கி தளர்ந்த பழைய அடாப்டர், பக்கத்து வீட்டு மின்சாதனம். ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் அலைவரிசை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. மத்திய அலை வானொலியும் அதற்குள்தான் வருகிறது. இரவில் அந்த அலைகள் வெகுதூரம் பரவும்.

இதில் உங்களுக்கு ஒரு துப்பறியும் கருவி கிடைக்கிறது. பேட்டரியில் ஓடும் சிறிய வானொலியை மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, இரைச்சல் நேரத்தில் வீடு முழுக்க நடந்து பாருங்கள். குற்றவாளியை நெருங்க நெருங்க உறுமல் கூடும். மோடத்தின் சொந்த அடாப்டரையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வேகம் குறையும்போதெல்லாம் மோடத்தை அணைத்துப் போடுகிறேன். சரிதானே?

சரியில்லை. பல நிறுவனங்களில் இணைப்பைக் கண்காணிக்கும் தானியங்கி அமைப்பு இருக்கிறது. அடிக்கடி அறுந்தால் "இந்தக் கம்பி நிலையற்றது" என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துவிடும். நீங்களே அதற்குப் பொய்ச்சாட்சி சொல்கிறீர்கள்.

கேள்வி: ஏடிஎஸ்எல் இருந்தவரை சிக்கல் இல்லை. அதைவிட வேகமான விடிஎஸ்எல்லுக்கு மாற்றியதும் தொலைக்காட்சி நின்று நின்று வருகிறது. மூன்று அறைகளுக்குத் தொலைபேசிக் கம்பி பிரிகிறது.

அந்தப் பிரிவுகள்தான் காரணமாக இருக்க வேண்டும். முனையில் எதுவும் இணைக்காத கிளைக் கம்பி, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும். திரும்பி வருவது அசலோடு மோதிச் சில அலைவரிசைகளைத் தின்றுவிடும். கிளை 10 மீட்டர் என்றால் அடிபடுவது 5 மெகாஹெர்ட்ஸ் அருகே. ஏடிஎஸ்எல் அவ்வளவு உயரம் போவதே இல்லை, அதனால் தப்பித்தீர்கள். விடிஎஸ்எல்2 பரவலாக 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது.

கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் இணைப்புப் பெட்டியில், மற்ற கிளைகளை எல்லாம் கழற்றிவிட்டு, மோடத்தை நேராக மாட்டுங்கள். நிமிடங்களில் விடை தெரியும். மோடத்தை அங்கேயே வைத்துவிட்டு, தொலைக்காட்சி வரை நீளமான ஈதர்நெட் கேபிள் இழுங்கள். தட்டையான தொலைபேசிக் கயிற்றை அறை அறையாக நீட்டாதீர்கள். முறுக்கில்லாத கம்பி ஆன்டெனா வேலைதான் பார்க்கும்.

கேள்வி: தொலைக்காட்சியைப் போட்டால் மட்டும் வைஃபை தவழ்கிறது.

ஒளிபரப்பு மல்டிகாஸ்ட் முறையில், அதாவது ஒரே ஓட்டத்தைப் பலருக்கும் சேர்த்து அனுப்பும் முறையில் வருகிறது. இடையில் ஈதர்நெட் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் மலிவான சுவிட்ச் பெட்டி இருந்தால், அது தன் எல்லா இணைப்புத் துளைகளுக்கும் ஒளிபரப்பை அனுப்பும், வைஃபை பெட்டிக்கும் சேர்த்து. ஒளிபரப்பைக் கேட்ட கருவிக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதியுள்ள சுவிட்ச் வாங்குங்கள்; அல்லது பாக்ஸை நேராக ரௌட்டரில் மாட்டி, ரௌட்டரில் அதே வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மகன் இணைய விளையாட்டுக்காகத் தாமதத்தைக் குறைக்கச் சொல்கிறான். நிறுவனம் இன்டர்லீவிங்கை நிறுத்தித் தருவதாகச் சொல்கிறது.

கம்பியில் தொலைக்காட்சி வருகிறதென்றால் சம்மதிக்காதீர்கள். இன்டர்லீவிங் தகவலைக் கலைத்து அனுப்புவதால் ஒரு திடீர் இரைச்சல் அடுத்தடுத்த துண்டுகளை மொத்தமாக அழிப்பதில்லை. சிதறிய பிழைகளைத் திருத்திவிடலாம். அதற்கு விலை சில மில்லி விநாடிகள். தவறிய துண்டைக் கம்பி மட்டத்திலேயே திருப்பிக் கேட்கும் ஜி.ஐஎன்பி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் மகனும் நீங்களும் சண்டையில்லாமல் இருக்கலாம்.

கேள்வி: இடி மின்னலில் மோடம் போய்விட்டது. மின்சாரப் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தேனே!

தொலைபேசிக் கம்பியைக் கழற்றினீர்களா? மின்னலின் பாய்ச்சல் அதன் வழியாகவும் வரும். இரண்டையும், மழை தொடங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். இடி இடிக்கும்போது கழற்றப் போகாதீர்கள்.