செயலியில் 25, டாங்கிக் கணக்கில் 16.5: மாங்குளம் நண்பருக்கு

வணக்கம். உங்கள் 1000 சிசி காரில் செருகிய ஓபிடி புளூடூத் கருவி (காரின் கணினித் தகவலைக் கைபேசிச் செயலிக்கு அனுப்புவது) வழியாகச் செயலி லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று காட்டுகிறது, டாங்கி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 16.5 தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். டாங்கிக் கணக்கையே நம்புங்கள்.

சின்ன எஞ்சின்கள் பலவற்றில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சர் இல்லை. உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சின் சுழலும் வேகம், அதன் சிசி ஆகியவற்றை வைத்துத்தான் செயலி காற்றைக் கணிக்கிறது. பெற்றோல் கணக்கும் அதிலிருந்தே வருகிறது. சிசி குறைவாகப் பதிவாகியிருந்தால் பெற்றோலும் குறைவாகக் கணிக்கப்படும், லீற்றருக்கான கிலோமீற்றர் கூடுதலாகத் தெரியும். 25ஐ 16.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5. 1000ஐ 660ஆல் வகுத்தாலும் அதேதான். செயலியில் உங்கள் கார் 660 சிசி என்று பதிவாகியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

திருத்திய பிறகு ஏ9 வீதியில் கிளிநொச்சி, வவுனியா என்று 200 கிலோமீற்றராவது ஓடி, முதலில் நிரப்பிய அதே பெற்றோல் செட்டில் மறுபடி முழுதாக நிரப்பி ஒப்பிடுங்கள். ஒரு நாள் ஓட்டம் போதாது.

இன்னொன்று: கருவியைச் செருகும் காரின் ஓபிடி இணைப்பின் 16ஆம் முனைக்குப் பற்றரியிலிருந்து நேரே மின்சாரம் வருகிறது, சாவியை எடுத்தாலும் நிற்காது. காரை நாட்கணக்கில் நிறுத்துவதென்றால் கருவியைக் கழற்றி வையுங்கள்.